பல் சிகிச்சையில் விறைப்பூசி, அரைமயக்கம், முழுமயக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, யாழ்ப்பாணத்தில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தில் உதவிக்கு இருக்கிறேன். வாங்கில் காத்திருப்பவர்கள் கேட்பதும், தொலைபேசியில் கேட்பதும், நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் மறித்துக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எடுத்து, எளிதானவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலுமாக வைத்திருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களைச் சோதித்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

மிஸ், பல் பிடுங்குவதற்கு மயக்கம் கொடுப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. பல் பிடுங்குவது, வேர்ச்சிகிச்சை, சூத்தையைத் துப்புரவாக்கி அடைப்பது எல்லாவற்றுக்கும் விறைப்பூசியே போதும். வழக்கமாகப் போடுவது லிக்னோகெயின். அதோடு மிகச் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். லிக்னோகெயின் நரம்பு வழியே வலி மூளைக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. அட்ரினலின் அந்த இடத்து இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் மருந்து சீக்கிரம் கலைந்து போகாது, இரத்தக் கசிவும் குறையும். ஊசி போட்டவுடன் நெஞ்சு படபடத்தால் அந்த அட்ரினலின் காரணமாக இருக்கலாம்; உங்கள் பயமும் காரணமாக இருக்கலாம். இரண்டும் சில நிமிடங்களில் அடங்கும்.

மேல்தாடை எலும்பு மெல்லியது. பல்லுக்குப் பக்கத்தில் போட்டாலே மருந்து ஊறிவிடும். கீழ்க் கடைவாயில் எலும்பு தடித்தது என்பதால், தாடைக்குள் நரம்பு நுழையும் இடத்துக்கு அருகிலேயே போடுவார்கள். கீழுதட்டின் பாதி விறைத்துப்போகும். விறைத்த பிறகும் அழுத்துவதும் அசைப்பதும் தெரியத்தான் செய்யும். வலி மட்டும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் கதிரையில் அமைதியாக இருந்துவிடுகிறார்கள்.

அப்படியென்றால் எல்லாரும் "மயக்கம் கொடுத்தார்கள்" என்று சொல்வது எதை?

மூன்று வேறு வேறு காரியங்களை. முதலாவது மேலே சொன்ன விறைப்பூசி. ஓரிடம் மட்டும் விறைக்கும், ஆள் முழு நினைவோடு இருப்பார். இரண்டாவது அரைமயக்கம். வைத்தியர்கள் செடேஷன் என்பார்கள். பயம் அடங்கி, கண் சொருகும்; ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார். மூன்றாவது முழுமயக்கம், கூப்பிட்டாலும் கிள்ளினாலும் எழும்ப மாட்டார்.

அரைமயக்கத்துக்கும் முழுமயக்கத்துக்கும் நடுவில் திட்டமான எல்லை கிடையாது. மருந்து சற்றுக் கூடினால் ஒன்று மற்றதாகிவிடும். ஆழம் கூடும்போது நாக்கும் தொண்டையும் தளர்ந்து வழியை அடைக்கும், மூச்சும் குறையும். ஆகவே எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: மருந்து ஏறிய நேரம் முதல் எழும்பும் வரை மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? கீழே பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

அரைமயக்கம் கொடுத்தால் விறைப்பூசி தேவையில்லைத்தானே? எனக்கு ஊசிக்குத்தான் பயம்.

தேவை. அரைமயக்க மருந்து பயத்தைக் குறைக்கும், வலியை நிறுத்தாது. ஊசி குத்தும்போது நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள், பிறகு அது நினைவில் இல்லாமலும் போகலாம், அவ்வளவுதான். முழுமயக்கத்தில்கூட விறைப்பூசி போடுவதுண்டு. அப்படிப் போட்டால் எழும்பும்போது வலி இராது.

ஊசிப் பயத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முரசில் விறைப்பு ஜெல் பூசிச் சற்றுப் பொறுத்து, மருந்தை மெதுவாகச் செலுத்தச் சொல்லிக் கேளுங்கள். மருந்தை வேகமாகத் தள்ளினால்தான் கூடுதலாக நோகும்.

சிரிப்பு வாயு என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. நைதரசு ஒட்சைட்டு என்ற வாயுவை ஒட்சிசனோடு கலந்து, மூக்கின் மேல் சிறிய மூடி வைத்துக் கொடுப்பார்கள். கலவையில் வாயு பொதுவாக 30 முதல் 50 வீதம் வரை இருக்கும். பல் சிகிச்சைக்கென்று செய்த கருவிகள் ஒட்சிசனை 30 வீதத்துக்குக் கீழே இறங்க விடாது. சில நிமிடங்களில் விரல் நுனி கூசும், உடம்பு இலேசாகும், பயம் தள்ளி நிற்கும். நிறுத்தினால் உடம்பில் தங்காமல் மூச்சோடு வெளியேறிவிடும். கடைசியில் சில நிமிடங்கள் ஒட்சிசன் மட்டும் கொடுத்துத்தான் எழுப்புவார்கள். அரைமயக்க முறைகளில் மிக இலேசானது இதுவே.

எல்லாருக்கும் பொருந்தாது. மூக்கடைப்பு இருந்தால் வேலை செய்யாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பார்கள். விற்றமின் பி12 குறைபாடு உள்ளவர்களும், அண்மையில் விழித்திரைச் சத்திரசிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயுக்குமிழ் வைத்திருப்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லாப் பல் சிகிச்சை நிலையங்களிலும் இந்தக் கருவி இருக்காது, கேட்டுவிட்டு வாருங்கள்.

மயக்க மருந்தின் கதையில் பல் வைத்தியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1844 டிசம்பரில் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் இந்த வாயுவைச் சுவாசித்துக்கொண்டு தம் பல்லையே பிடுங்குவித்தார். 1846 ஒக்டோபரில் வில்லியம் மோர்ட்டன் என்ற இன்னொரு பல் வைத்தியர் பொஸ்டனில் ஒரு சத்திரசிகிச்சைக்கு ஈதர் கொடுத்துக் காட்டினார். மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்த சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

கையில் ஊசி ஏற்றிக் கொடுக்கும் அரைமயக்கம் எப்படி இருக்கும்? தூங்கிவிடுவேனா?

தூங்கியதாகவே பிறகு சொல்வீர்கள். ஆனால் நாங்கள் கேட்டதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்போம். வழக்கமான மருந்து மிடாசோலம். பயத்தைக் குறைப்பதோடு, கொடுத்த பிறகு நடப்பவை நினைவில் பதியாமலும் செய்கிறது. நாளத்தில் 1 மில்லிகிராம் அளவில் கொடுத்து, பொறுத்துப் பார்த்து, தேவையானால் அடுத்ததைக் கொடுப்பார்கள். துலாவில் வாளியை இறக்குகிறவர் கயிற்றை விடாமல் பிடித்துப் பிடித்து இறக்குவது போலத்தான். வயதானவர்களுக்கு அளவு இன்னும் குறைவு, பொறுக்கும் நேரம் இன்னும் கூட.

மிடாசோலம் கூடிவிட்டால் அதை முறிக்க புளுமசெனில் என்ற மருந்து உண்டு. ஆனால் முறிப்பு மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். மிடாசோலம் இன்னும் உடம்பில் இருக்கும். ஆள் மறுபடியும் சொருகலாம். ஆகவே "முறிப்பு ஊசி போட்டாயிற்றே, வீட்டுக்கு விடுங்கள்" என்று நிற்கக் கூடாது. பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோபோல் வேறு வகை. சில நொடிகளில் ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடியது. மயக்கமருந்து வைத்தியர் பக்கத்தில் நின்று கொடுக்க வேண்டிய மருந்து.

அம்மம்மாவிடம் நித்திரைக் குளிசை இருக்கிறது. ஒன்று போட்டுக்கொண்டு வந்தால் பயம் போய்விடாதா?

தயவுசெய்து வேண்டாம். அம்மம்மாவின் வயதுக்கும் வருத்தத்துக்கும் எழுதிய அளவு உங்களுக்கு எப்படி வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் அதன் மேல் நாங்கள் வேறு மருந்து கொடுத்தால் இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும். "தைரியத்துக்கு" இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில். கதிரையில் ஏற்றாமல் திருப்பி அனுப்புவார்கள், கோபிக்க வேண்டாம்.

பயத்துக்கு ஒரு குளிசையை வைத்தியரே எழுதித் தருவதுண்டு. அதை அவர் சொன்ன நேரத்தில் போட்டு, துணையோடு வர வேண்டும். குளிசையில் ஒரு குறை: வயிற்றில் போனதைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது.

மாமா லண்டனில் முன்பு பல் வைத்தியரின் அறையிலேயே முழுமயக்கத்தில் பல் பிடுங்கினாராம். எனக்கு மட்டும் ஏன் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறீர்கள்?

மாமா சொல்வது உண்மை. அந்தக் காலத்தில் அங்கே அப்படிச் செய்தார்கள், உயிர்களும் போயின. அதனால்தான் 2001 முடிவோடு இங்கிலாந்தில் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டு, பல்லுக்கான முழுமயக்கம் தீவிர சிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைகளுக்கு மட்டும் என்று ஆனது. மாமா இப்போது கேட்டாலும் அறையில் கொடுக்க மாட்டார்கள்.

முழுமயக்கம் தேவைப்படும் நிலைகள் உண்டு. எலும்புக்குள் ஆழமாகப் படுத்துக் கிடக்கும் ஞானப்பல், தாடையில் பெரிய நீர்க்கட்டி, மோட்டார் சைக்கிள் விபத்தில் உடைந்த தாடை, கழுத்துப் பக்கம் இறங்கும் சீழ் வீக்கம், வாய்ப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை ஆகியவை அவற்றுள் சில. வாய் நிறையச் சூத்தையுள்ள சிறு பிள்ளைகளுக்கும், ஒத்துழைக்க முடியாத விசேட தேவையுள்ளவர்களுக்கும் தேவைப்படலாம். இவற்றுக்குச் சத்திரசிகிச்சைக் கூடம், மயக்கமருந்து வைத்தியர், விடுதிக் கட்டில் மூன்றும் வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் துண்டு எழுதித் தருவது உங்களைத் தட்டிக்கழிக்க அல்ல.

நாலு வயதுப் பிள்ளை, வாயெல்லாம் சூத்தை. மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட முடியாதா?

முடியும், ஆனால் அது முதல் வழியாக இருக்கக் கூடாது. பால் பல்தானே என்று எல்லாவற்றையும் பிடுங்கினால், பின்னால் வரும் பற்களுக்கு இடம் ஒழுங்காகக் கிடைக்காமல் போகும். வலி, வீக்கம் இல்லாத பற்களில் வெள்ளிச் சேர்மத் திரவம் பூசிச் சூத்தையை நிறுத்தலாம். பல் கறுத்துப்போகும், அதைப் பெற்றோர் ஏற்றுக்கொள்ள வேண்டும். சில பற்களுக்குத் துளையிடாமலே உலோக உறை மாட்டலாம். பிள்ளையை இரண்டு மூன்று தடவை சும்மா அழைத்து வந்து கதிரையில் இருத்திப் பழக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். "அழுதால் ஊசி போடுவார்" என்று வீட்டில் வெருட்டி வளர்த்தால் இந்தப் பழக்கம் எடுபடாது.

சீழ் வைத்து, முகம் வீங்கி, இரவில் அழுகிற பிள்ளையாக இருந்தால் கதை வேறு. அப்போது ஒரே மயக்கத்தில் பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, காப்பாற்றக் கூடியதை அடைத்து முடிப்பதே பிள்ளைக்கு நல்லது. அதன் பிறகும் பால் போத்தலை வாயில் வைத்தபடி உறங்க விட்டால், இரண்டு வருடத்தில் மறுபடியும் வருவீர்கள்.

மயக்கம் கொடுத்தால் பிள்ளையின் மூளை பாதிக்குமா? படிப்பு வராது என்கிறார்களே.

இந்தப் பயம் ஆதாரமே இல்லாத ஒன்றல்ல. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட மயக்கமோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரித்தது. மறுபுறம், பல நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த மயக்கம் பெற்ற பிள்ளைகளை ஐந்து வயதில் சோதித்தது. முழுமயக்கம் இல்லாமல், கீழுடம்பை மட்டும் விறைக்கச் செய்து சத்திரசிகிச்சை செய்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது அறிவு வளர்ச்சியில் வேறுபாடு தென்படவில்லை.

ஆக, ஒரு தடவை, சுருக்கமாக, தேவை இருந்து கொடுப்பதற்குப் பயந்து சீழோடு பிள்ளையை வைத்திருக்க வேண்டாம். தேவை இல்லாமல் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

பட்டினியாக வரச் சொல்கிறார்கள். ஒரு பிளேன்டீ குடித்தால் என்ன வந்துவிடும்?

முழுமயக்கத்தில் இருமலும் விழுங்கலும் நின்றுவிடும். வயிற்றில் உள்ளது மேலே வந்தால் தடுக்க ஆளில்லை; நேரே சுவாசப்பைக்குள் இறங்கும். வயிற்று அமிலமும் சோற்றுப் பருக்கையும் அங்கே போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவான கணக்கு இது: திட உணவும் பால் கலந்த எதுவும் 6 மணி நேரத்துக்கு முன்பு, தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பு, தெளிந்த நீராகாரம் 2 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும்.

இதன்படி பால் விடாத பிளேன்டீ தெளிந்த ஆகாரந்தான். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு குடிக்கலாம். பால் தேநீர் உணவு. கஞ்சி உணவு. வழுக்கையோடு சாப்பிட்ட இளநீர் உணவு. புழுக்கொடியல் சப்பிக்கொண்டு விடுதிக்கு வந்து "சாப்பிடவில்லை மிஸ்" என்றவர்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குப் பாவம் பார்த்து அம்மா ஒளித்துக் கொடுக்கும் ஒரு விசுக்கோத்துதான் இதில் மிகவும் மோசம். கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். சத்திரசிகிச்சை தள்ளிப்போகும், வேறொன்றும் ஆகாது. விறைப்பூசிக்கு மட்டும் வருகிறவர்கள் பட்டினி கிடக்கத் தேவையே இல்லை. சாப்பிட்டுவிட்டு வருவதே நல்லது, வெறும் வயிற்றில் தலைசுற்றி விழுகிறார்கள்.

நான் கந்தசஷ்டி விரதத்தில் இருக்கிறேன். வயிறு காலிதானே, அப்படியே மயக்கம் கொடுக்கலாம் அல்லவா?

ஆறு நாள் விரதத்தின் நடுவில் வேண்டாம். வயிறு காலியாக இருக்கலாம். ஆனால் உடம்பில் நீர் வற்றியிருக்கும், சீனி இறங்கியிருக்கும். மயக்கம் ஏறும்போது பிரஷர் சட்டென்று விழும். அவசரமில்லாத பல் வேலையென்றால் பாரணை முடித்து நன்றாகச் சாப்பிட்டு, பிறகு நாள் எடுங்கள். அவசரமென்றால் விரதம் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாளத்தில் நீர் ஏற்றிச் சரிசெய்துகொள்வார்கள்.

வாயில் வேலை செய்கிறார்கள். அப்போது மூச்சுக் குழாயை எங்கே வைப்பார்கள்?

கேட்டவர் ஓர் இளம் பொறியியலாளர். நல்ல கேள்வி. வயிற்றுச் சத்திரசிகிச்சையில் வயிறு வைத்தியருக்கு, வாய் மயக்கமருந்து வைத்தியருக்கு. பல் வேலையில் இருவருக்கும் அதே சிறிய இடம். அதனால் பெரும்பாலும் நாம் உறங்கிய பிறகு மூக்கு வழியாக ஒரு குழாயை மூச்சுக் குழாய்க்குள் இறக்கி, அதன் வழியே ஒட்சிசனும் மயக்க வாயுவும் கொடுப்பார்கள். இரத்தமும் பல்லுத் துண்டும் கீழே இறங்காதபடி தொண்டையில் ஈரமாக்கிய துணிச் சுருளை வைப்பதுண்டு. வைத்த துணி வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்லாமல் ஆளை எழுப்பக் கூடாது. சத்திரசிகிச்சைக் கூடத் தாதிக்கு நித்திரையிலும் மறக்காத பாடம் அது.

எழும்பியதும் சிலருக்கு மூக்கில் சிறிது இரத்தம் கசிவதும், இரண்டு நாள் தொண்டை நோவதும் இதனால்தான். இவ்வளவு நேரமும் விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஒட்சிசன் அளவைக் காட்டும். இன்னொன்று வெளிவிடும் மூச்சை அளக்கும். நகப்பூச்சையும் விரலில் கறுப்பாகப் போட்ட மருதாணியையும் வேண்டாம் என்பது விரல் கருவி பிழையாகக் காட்டாமல் இருக்கத்தான்.

நடுவில் விழிப்பு வந்து எல்லாம் தெரிந்தால்?

முழுமயக்கத்தில் அப்படி நடப்பது மிக அரிது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் செய்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், தாங்களாகவே அப்படிச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர் என்று வந்தது. அரைமயக்கத்தில் பேச்சுக் கேட்பதும் வெளிச்சம் தெரிவதும் வழமையான நிலை. அதை "மயக்கம் ஏறவில்லை" என்று எண்ணிப் பதற வேண்டாம். வலி தெரிந்தால் மட்டும் கையை உயர்த்துங்கள், இன்னும் விறைப்பூசி போடுவார்கள்.

எழும்பாமலே போனால்? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னால், ஆபத்து பூச்சியம் அல்ல. பிரித்தானிய மயக்கமருந்து வைத்தியர்களின் கல்லூரி, வேறு வருத்தமில்லாதவருக்குத் திட்டமிட்ட சத்திரசிகிச்சையில் மயக்க மருந்தால் மரணம் நேர்வது ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒன்று என்கிறது. அது அவர்களுடைய நாட்டுக் கணக்கு. இருதய வருத்தம், கடும் ஆஸ்துமா, அதிக பருமன், முதுமை சேரும்போது ஆபத்துக் கூடும்.

அதிகம் பயப்பட வேண்டிய இடம் இரண்டாவது பதிலில் சொன்னதுதான்: மயக்கம் கொடுத்துவிட்டு மூச்சைப் பார்க்க ஆளில்லாமல் விடுவது. அடுத்தது, கேட்ட கேள்விக்கு நோயாளி பொய் சொல்வது.

வெற்றிலை போடுவீர்களா என்று ஏன் கேட்கிறார்கள்? மயக்கத்துக்கும் வெற்றிலைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. பாக்கை வருடக் கணக்கில் சப்பினால் கன்னத்தின் உட்தோல் இறுகி நார் போலாகி, வாய் திறப்பது படிப்படியாகக் குறைந்துவிடும். மூன்று விரலை அடுக்கி வாயில் வைக்க முடியாதவர்கள் எத்தனையோ பேர். "எனக்குச் சின்ன வாய்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். மயக்கம் ஏறிய பிறகு அந்த வாயைத் திறக்க முடியாவிட்டால் மூச்சுக்கு வழி செய்வது பெரும்பாடு. முன்பே தெரிந்தால், விழித்திருக்கும்போதே மெல்லிய கமரா வழியாக மூக்கால் குழாய் இறக்க ஏற்பாடு செய்வார்கள். அந்த இறுக்கம் புற்றுநோயாக மாறவும் கூடும் என்பதால், மயக்கம் தேவையில்லாவிட்டாலும் வாயைக் காட்டுங்கள்.

செல் துண்டு பட்டு முகத்திலோ கழுத்திலோ தழும்பு உள்ளவர்கள், தாடை உடைந்து பொருந்தியவர்கள், சத்தமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்பவர்கள், ஆடும் பல்லும் கட்டுப்பல்லும் உள்ளவர்கள் ஆகிய எல்லாரும் இதே காரணத்துக்காக முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள். முப்பது வருடத்துக்கு முந்திய காயம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். தழும்புக்கு வயது போனாலும் அது இளகாது.

சலரோகம், பிரஷர், இரத்தம் இளக்கும் குளிசை எல்லாம் போடுகிறேன். எதை நிறுத்துவது?

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இரத்தம் இளக்கும் அஸ்பிரின், வார்பரின் போன்றவற்றைப் பல் பிடுங்குவதற்காகத் தாமாக நிறுத்தியவர்களுக்குப் பக்கவாதம் வரலாம். பல்லிடத்து இரத்தத்தைத் தையல் போட்டு நிறுத்திவிடலாம், மூளைக்குள் அடைப்பை அப்படி எடுக்க முடியாது. சலரோகக் குளிசை வேறு மாதிரி. பட்டினி இருக்கும் காலையில் வழமை போலப் போட்டால் சீனி இறங்கிவிடும். சிறுநீரில் சீனியைப் போக்கும் புதிய வகைக் குளிசைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லக்கூடும். பிரஷர்க் குளிசையில் சிலவற்றை அன்று காலை போடச் சொல்வார்கள், சிலவற்றை வேண்டாம் என்பார்கள்.

கிளினிக் கொப்பியையும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சித்த மருந்து, கசாயம், வெளிநாட்டிலிருந்து தங்கச்சி அனுப்பிய சத்துக் குளிசை எல்லாம் அதே பைக்குள். சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதானவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பல் பிடுங்கும் முன் நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படலாம்.

பெரியப்பாவுக்கு மயக்கத்தில் ஏதோ நடந்ததாம், வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். பரம்பரையாக வரும் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் சில மயக்க வாயுக்களும் சக்ஸமெத்தோனியம் என்ற தசைதளர்த்தி மருந்தும் உடம்பைக் கட்டுக்கடங்காமல் கொதிக்க வைக்கும். மற்றதில் அதே தசைதளர்த்தி மருந்தை உடைக்கும் நொதியம் குறைவு. சில நிமிடங்களில் தீர வேண்டிய தளர்ச்சி மணிக் கணக்கில் நீடிக்கும், அதுவரை இயந்திரத்தில் மூச்சு விட வேண்டும். இந்த இரண்டாவது, தாய் தகப்பன் இருவர் வழியாகவும் சேர்ந்து வருவது; சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்புக் கூட. தெரிந்திருந்தால் அந்த மருந்துகளைத் தவிர்த்து மயக்கம் கொடுக்கலாம். பெரியம்மாவிடம் மெதுவாகக் கேட்டு, பழைய துண்டு இருந்தால் வாங்கி வாருங்கள்.

வயிற்றில் பிள்ளை. பல் வலி தாங்க முடியவில்லை.

விறைப்பூசி போட்டுச் சிகிச்சை செய்யலாம். நடுமூன்று மாதங்கள் வசதியானவை. அரைமயக்கம், முழுமயக்கம் பிரசவத்துக்குப் பிறகு. சீழ் வீக்கம் போன்ற அவசரம் விதிவிலக்கு. பாலூட்டும் தாய்க்கு மயக்கம் கொடுத்தால், நன்றாக விழித்துப் பிள்ளையைத் தூக்கும் நிலைக்கு வந்ததும் பொதுவாகப் பால் கொடுக்கலாம்.

எனக்கு விறைப்பூசி ஏறவே ஏறாது. மூன்று ஊசி போட்டும் வலித்தது. எனக்கு மயக்கந்தான் வேண்டும்.

உங்கள் உடம்பில் பெரும்பாலும் பிழை இல்லை. பல்லைச் சுற்றி சீழ் இருந்திருக்கும். சீழ் வைத்த இடம் அமிலத்தன்மையாக இருக்கும். அங்கே லிக்னோகெயின் நரம்புக்குள் நுழையத் திணறும். முதலில் சீழை வெளியேற்றி, தேவையானால் மருந்து கொடுத்து, வீக்கம் வற்றிய பிறகு போட்டால் அதே ஊசி ஏறும். கீழ்த்தாடையில் நரம்பு இருக்கும் இடம் ஆளுக்கு ஆள் சற்று மாறுவதும் ஒரு காரணம். வேறு இடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். நான்கு நாள் வலியைப் பொறுத்து, முகம் வீங்கிய பிறகு வருகிற வழக்கத்தை விட்டாலே இந்தக் கேள்வி பாதியாகக் குறையும்.

முடிந்தவுடன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகலாமா?

விறைப்பூசி மட்டும் என்றால், தலைசுற்றல் இல்லாவிட்டால் போகலாம். நாள ஊசி அரைமயக்கத்துக்கும் முழுமயக்கத்துக்கும் பிறகு 24 மணி நேரம் வாகனம் ஓட்டக் கூடாது, பின்னால் தனியாகப் பிடித்துக்கொண்டு இருக்கவும் கூடாது. துணையோடு ஓட்டோவிலோ காரிலோ போங்கள். அன்று அடுப்படியில் நிற்க வேண்டாம். காணி உறுதியில் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். தெளிவாக இருப்பதாக நீங்கள் நினைப்பீர்கள், மறுநாள் கேட்டால் நினைவிருக்காது. நெடுந்தீவிலிருந்து வருகிறவர்கள் அன்றே குறிகட்டுவானில் படகு ஏற எண்ணாமல், இக்கரையில் உறவுக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்குங்கள். நடுக்கடலில் வாந்தியும் இரத்தமும் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

பிள்ளைகள் விறைத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்குவார்கள். விறைப்பு போக சில மணி நேரம் ஆகும், அதுவரை சப்பிச் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். ஒருமுறை இருமுறை வாந்தி வருவது புதிதல்ல. மூச்செடுக்கக் கஷ்டப்பட்டால், எழுப்பினாலும் சரியாக எழும்பாவிட்டால், அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டால் பல் வைத்தியரைத் தேடிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தனியார் இடத்தில் காசு கட்டிச் செய்கிறேன். என்ன கேட்பது? ஒரே வைத்தியர் மருந்தும் கொடுத்துப் பல்லும் பிடுங்கலாமா?

சிரிப்பு வாயுவையோ இலேசான மிடாசோலத்தையோ, அதற்குப் பயிற்சி பெற்ற பல் வைத்தியரே கொடுத்து வேலையும் செய்வது பல நாடுகளில் நடைமுறை. ஆனால் மூச்சையும் கருவியையும் மட்டும் பார்க்க, பயிற்சி பெற்ற இன்னொருவர் அறையில் நிற்க வேண்டும். முழுமயக்கத்தில் ஒருவரே இரண்டும் செய்வது ஏற்கத்தக்கதல்ல. கேட்க வேண்டியவை: மருந்து கொடுப்பவர் யார், பார்த்துக்கொண்டிருப்பவர் யார், ஒட்சிசனும் விரல் கருவியும் முறிப்பு மருந்தும் அறையில் இருக்கின்றனவா, ஏதும் நேர்ந்தால் எந்த வைத்தியசாலைக்கு எப்படிக் கொண்டுபோவார்கள். கேட்டால் கோபப்படுகிற இடமாக இருந்தால், கட்டிய முற்பணத்தை விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

படுத்த பிறகு பயம் வந்து "வேண்டாம்" என்று சொன்னால் விடுவார்களா?

மருந்து ஏறும் முன்பு எந்த நொடியிலும் சொல்லலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டதால் கட்டுப்பட்டவர் ஆகிவிடவில்லை. மருந்து ஏறிய பிறகு புதிதாக எதற்கும் உங்களிடம் ஒப்புதல் வாங்கக் கூடாது, "பக்கத்துப் பல்லும் பழுது, எடுக்கட்டுமா?" என்று அரைமயக்கத்தில் கேட்டு நீங்கள் "ம்" என்றால் அது செல்லாது. எந்தப் பல், எத்தனை பல், எந்த முறை மயக்கம் என்பது முழு நினைவில் இருக்கும்போதே, உங்களுக்கு விளங்கும் மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.